வேலையோடு வந்த பாட்டு: ஜப்பானிய உழவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது

ஜப்பான் என்றதும் நம்ம இயற்கை உழவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் மசனோபு ஃபுகோகா. 'ஒற்றை வைக்கோல் புரட்சி' படித்தவர்களுக்கு உழாத நிலம், களிமண் விதை உருண்டை, வைக்கோல் மூடாக்கு எல்லாம் மறக்காது. அதே புத்தகத்தில் பலரும் தாண்டிப் போய்விடும் ஓர் இடம் உண்டு. ஊர்க் கோயிலைச் சுத்தம் செய்யும்போது சுவரில் தொங்கிய பழைய பலகைகளை ஃபுகோகா பார்க்கிறார். தூசியைத் தட்டினால் உள்ளே ஹைக்கூ கவிதைகள். அந்தச் சின்ன ஊரின் சனங்கள் எழுதி சாமிக்குக் காணிக்கையாக வைத்தவை. இன்றைய விவசாயத்தில் உழவனுக்குக் கவிதை எழுதவும் பாட்டுக் கட்டவும் நேரமே இல்லாமல் போய்விட்டதே என்று அவர் வருத்தப்படுகிறார்.

அந்த இடம் என்னை விடவே இல்லை. நேரம் எங்கே போச்சு? முன்னே பாடினவங்க என்ன பாடினாங்க, எதுக்குப் பாடினாங்க? இந்தக் கேள்விகளோடு ஜப்பானிய நாட்டுப்புறப் பாட்டுகளைப் பற்றிப் படித்தும், பழைய பதிவுகளைத் தேடிக் கேட்டும் வருகிறேன். எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். அந்தப் பாட்டுகள் வேலை முடிந்த பிறகு பொழுதுபோக்கப் பாடியவை அல்ல. பெரும்பாலானவை அரிவாள், மண்வெட்டி மாதிரி ஒரு கருவி. அதனாலேயே வேலை மாறியபோது பாட்டும் நின்றது. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பாடிய இடத்தை வைத்துப் பிரித்தவர்

ஜப்பானிய நாட்டுப்புறவியலின் முன்னோடி யானகிடா குனியோ (1875-1962). அவர் நாட்டுப்பாட்டுகளைப் பத்து வகையாகப் பிரித்தார். வயல் பாட்டு, முற்றத்துப் பாட்டு, மலைப் பாட்டு, கடல் பாட்டு, தொழில் பாட்டு, வழிநடைப் பாட்டு, வாழ்த்துப் பாட்டு, விழாப் பாட்டு, விளையாட்டுப் பாட்டு, பிள்ளைகள் பாட்டு என்று அந்தப் பட்டியல் போகும். ராகத்தையோ சோகம், காதல் என்ற உணர்ச்சியையோ வைத்து அவர் பிரிக்கவில்லை. எந்த இடத்தில், எந்த வேலையில், எந்தச் சமயத்தில் பாடினார்கள் என்பதே அவருக்கு அளவுகோல். வயலில் பாடியது நடவும் களையும். முற்றத்தில் பாடியது கதிரடிப்பும் மாவரைப்பும். ஏற்றம் இறைத்தவர்கள் சால் கணக்கைப் பாட்டிலேயே வைத்திருந்ததை அறிந்த நமக்கு இந்தப் பிரிவினை சட்டென்று விளங்கும்.

நடவு வயலில்

ஜப்பானில் நடவு என்பது தனிக் குடும்பத்தால் ஆகிற காரியமாக இருந்ததில்லை. தண்ணீர் ஒரே சமயத்தில் வரும். நாற்றின் வயதும் காத்திருக்காது. அதனால் இன்றைக்கு உன் வயல், நாளைக்கு என் வயல் என்று மாற்றாள் முறையில் நட்டார்கள். இதற்கு அவர்கள் மொழியில் 'யுய்' என்று பெயர். நடவு நடும் பெண்களுக்கு 'சவோடோமே'. இதில் வரும் 'ச' என்ற ஒலி நெல் வயலின் சாமியைக் குறிப்பது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். நாற்று, நடவு மாதம், நடவு முடிந்து போடும் விருந்து எல்லாவற்றின் பெயரும் அதே ஒலியில்தான் தொடங்கும்.

மேற்கு ஜப்பானில் ஹிரோஷிமா மாவட்டத்து மலைப்பகுதியில் இந்த நடவுப் பாட்டு பெரிய ஏற்பாடாகவே வளர்ந்தது. அங்கே மிபு என்ற ஊரில் ஜூன் முதல் ஞாயிறு நடக்கும் 'ஹனா தாஉவே', அதாவது பூ நடவு, 2011-ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. முதலில் அலங்கரித்த மாடுகள் வரிசையாக இறங்கிச் சேறடிக்கும். பிறகு கோரைத் தொப்பி போட்ட பெண்கள் வரிசை கட்டுவார்கள். அவர்களுக்கு எதிரே ஒருவர் நிற்பார். வயல் சாமியின் பெயரான 'சன்பாய்' என்பதே அவருக்கும் பெயர். கையில் நுனி பிளந்த மூங்கில். அதைத் தட்டித் தாளம் போட்டு அவர் ஓர் அடி எடுத்துக் கொடுப்பார். பெண்கள் பதிலடி பாடி நடுவார்கள். அவர் பாடுவது பெற்றோர் பாட்டு, இவர்கள் பாடுவது பிள்ளைப் பாட்டு. பின்னால் மேளம், குழல், தாளம்.

இந்தப் பகுதியின் பழைய நடவுப் பாட்டுகள் 'தாஉவே ஸோஷி' என்ற ஏட்டில் தொகுக்கப்பட்டுள்ளன. அதன் அடுக்கு முறையைக் கவனியுங்கள். காலைப் பாட்டு, மதியப் பாட்டு, மாலைப் பாட்டு என்று வேலை நாளின் வரிசையிலேயே பாட்டுகள் இருக்கின்றன. காலையில் வயல் சாமியை அழைப்பது, மதியம் சோறு கொண்டு வரும் பெண்ணைப் பற்றிப் பாடுவது, பொழுது சாயச் சாமியை வழியனுப்புவது. ஒரு நாள் நடவுக்கு எழுதி வைத்த அட்டவணை என்றே இதைச் சொல்லலாம்.

பாட்டு இங்கே என்ன வேலை செய்தது? இருபது பேர் ஒரே வரிசையில் பின்னால் நகர்ந்து நடும்போது ஒருத்தி முந்தினாலும் ஒருத்தி பிந்தினாலும் வரிசை கெடும். தாளம் எல்லோர் கையையும் ஒன்றாக நகர்த்தியது. புதிதாக வந்த பெண் பக்கத்தில் இருப்பவளின் வேகத்தைக் காதாலேயே பிடித்துக்கொண்டாள். குனிந்த முதுகின் வலியையும் பாட்டு கொஞ்சம் மறக்கடித்தது.

இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மேளதாளத்தோடு நடந்த பெரிய நடவுகள் பலவும் பெரிய நிலக்காரர் வயலில் நடந்தவை. அதே தாளம் கூடுதல் வேலையையும் வாங்கியது. பாட்டு யாருக்காக வேகத்தைக் கூட்டியது என்ற கேள்வியையும் சேர்த்துத்தான் நாம் பார்க்க வேண்டும்.

கடிகாரமாக, உரக்கணக்காக

பனிக்காலத்தில் வயலில் வேலை இல்லாத உழவர்கள் சாக்கே என்ற அரிசி மது வடிக்கும் ஆலைகளுக்குக் குழுவாகப் போனார்கள். வடக்கே இவாட்டேப் பகுதியின் நான்பு, மேற்கே ஹியோகோப் பகுதியின் தாம்பா ஆகிய வட்டாரங்கள் இதற்குப் பேர் போனவை. சுவரில் கடிகாரம் இல்லாத காலம். அரிசி கழுவ ஒரு பாட்டு, தொட்டி தேய்க்க ஒரு பாட்டு. வெந்த சோறு, பூஞ்சணம் ஏறிய அரிசி, தண்ணீர் மூன்றையும் தொட்டியில் போட்டுத் துடுப்பால் தேய்த்து முதல் நொதிக்கலவை தயாரிக்க ஒரு பாட்டு. இத்தனை அடி பாடி முடித்தால் இந்த வேலை முடிந்தது என்று கணக்கு. நொதிப்பில் நேரமும் சூடும் எவ்வளவு முக்கியம் என்று பஞ்சகவ்யம், மீன் அமிலம் தயாரிக்கும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டை மாற்றிப் பாடினால் சரக்கு கெட்டுவிடும்!

ஜப்பான் முழுக்கத் தெரிந்த 'ஸோரான் புஷி' வடகோடியில் ஹொக்கைடோ கடற்கரையில் ஹெர்ரிங் மீனை வலையிலிருந்து கோரி எடுக்கும்போது பாடிய பாட்டு. இன்று பள்ளிப் பிள்ளைகள் அதற்கு ஆட்டம் ஆடுகிறார்கள். அந்த மீனில் பெரும்பங்கு சாப்பாட்டுக்குப் போகவில்லை என்பது பலருக்குத் தெரியாது. வேகவைத்து எண்ணெய் பிழிந்து, மிச்சத்தைக் காயவைத்துக் கப்பலில் ஏற்றினார்கள். மேற்கு ஜப்பானின் பருத்தி, அவுரி வயல்களுக்கு அதுதான் உரம். மீனை அளவில்லாமல் அள்ளினார்கள். 1950-களின் நடுவில் அந்தக் கரைக்கு மீன் வருவதே ஏறக்குறைய நின்றுபோனது. வெளியிலிருந்து வாங்கிப் போடும் உரம், அது இயற்கைப் பொருளாகவே இருந்தாலும், எங்கோ ஓர் இடத்தைக் காலி செய்துதான் நம் வயலுக்கு வருகிறது. துள்ளலான அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வருகிறது.

பறவையை விரட்டப் பிள்ளைகள், பூச்சியை அனுப்ப ஊர்

நீகாட்டா போன்ற பனிப் பிரதேசங்களில் ஜனவரி நடுவில் 'சின்னப் புத்தாண்டு' வரும். வயல் ஆளுயரப் பனிக்கு அடியில் கிடக்கும். அன்றைக்குப் பிள்ளைகள் மரக்கட்டைகளைத் தட்டிக்கொண்டு, பாடிக்கொண்டு ஊரைச் சுற்றுவார்கள். இது 'தோரிஓய்', பறவை விரட்டும் பாட்டு. பறவையே இல்லாத காலத்தில் ஏன் விரட்ட வேண்டும்? வரப்போகும் வருசத்துக்கான ஒத்திகை அது. எந்தப் பறவையால் பயிருக்கு என்ன சேதம் என்று ஏழு வயதுப் பிள்ளைக்கும் பாட்டிலேயே தெரிந்துவிடும். சுஸுகி போகுஷி என்ற வணிகர் 1837-ல் வெளியிடத் தொடங்கிய பனிநாட்டு நூலிலேயே இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது.

கோடையில் 'முஷிஓகுரி', அதாவது பூச்சியை வழியனுப்புதல். வைக்கோலில் ஒரு பொம்மை செய்து, தீப்பந்தம் ஏந்தி, மேளம் அடித்து, ஒரே குரலில் சொல்லிக்கொண்டே வரப்பு வரப்பாக நடந்து ஊர் எல்லையில் கொண்டுபோய் விடுவார்கள். மேற்கு ஜப்பானில் அந்தப் பொம்மை பெரும்பாலும் குதிரையில் ஏறிய சனேமோரி என்ற போர்வீரன். அவனுடைய குதிரை நெல் தாளில் கால் இடறியதால் அவன் எதிரியிடம் சிக்கிச் செத்தான், அந்தக் கோபத்தில் நெல்லைத் தின்னும் பூச்சியாகப் பிறந்தான் என்று கதை.

கேலியாகத் தோன்றினால் 1732-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருசம் மேற்கு ஜப்பானில் தத்துப்பூச்சி, நம்ம புகையான் வகைதான், நெல்லை அழித்துப் பெரும் பஞ்சம் வந்தது. ஊர் வெறுமனே பாடிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. வயல் தண்ணீரில் திமிங்கல எண்ணெயைச் சில சொட்டுகள் விட்டுப் பரவவைத்து, பயிரைத் தட்டிப் பூச்சியை அதில் விழவைக்கும் முறையும் பரவியது. ஓகுரா நாகட்சுனே 1826-ல் இதற்காகவே ஒரு கையேடு வெளியிட்டார். பாட்டும் பந்தமும் பூச்சியைக் கொன்றதா என்பதை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஊரே சேர்ந்து ஒரே நாளில் எல்லா வயலையும் சுற்றி வருகிறது. யார் வயலில் பூச்சி ஏறியிருக்கிறது என்று எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். இன்றைக்கு நாம் பூச்சிக் கண்காணிப்பு என்று பயிற்சி வகுப்பில் சொல்வதை அவர்கள் திருவிழாவாகச் செய்தார்கள்.

பிள்ளைகள் பாட்டில் விரட்டுவது மட்டும் இல்லை, அழைப்பதும் உண்டு. மின்மினியை நல்ல தண்ணீர் இருக்கும் பக்கம் வரச்சொல்லிக் கூப்பிடும் பாட்டு நாடு முழுக்கப் பல வடிவங்களில் இருக்கிறது. அங்குள்ள மின்மினிகளில் கெஞ்சி, ஹெய்கே என்ற இரண்டு வகையின் புழுக்கள் தண்ணீரில் வளர்கின்றன. கெஞ்சிப் புழு ஓடையில் நத்தை தின்னும். ஹெய்கே நெல் வயலிலும் பிழைக்கும். மருந்தும் சிமென்ட் வாய்க்காலும் வந்த இடத்தில் நத்தை போனது, மின்மினியும் போனது. அழைக்கும் பாட்டு மட்டும் பாடப்புத்தகத்தில் இருந்தது.

சொல்ல முடியாததைச் சொன்ன பாட்டு

தெற்கே கியூஷு தீவின் குமாமோட்டோ மாவட்டத்தில் இட்சுகி என்று ஒரு மலைக்கிராமம். 'இட்சுகி தாலாட்டு' ஜப்பானின் பேர்பெற்ற தாலாட்டுகளில் ஒன்று. தாலாட்டு என்று பேரே தவிர, இது தாய் பாடியது அல்ல. அந்த ஊரில் நிலமும் காடும் சில பெரிய குடும்பங்களிடம் இருந்தன. மற்றவர்கள் அவர்களை அண்டிப் பிழைத்த குத்தகையாட்கள். வீட்டில் ஒரு வாய் சோறு மிச்சமாகட்டும் என்று பத்து வயதுப் பெண்பிள்ளைகளை வசதியான வீடுகளுக்குக் குழந்தை தூக்க அனுப்பினார்கள். அந்தச் சிறுமிகள் முதுகில் அடுத்தவர் குழந்தையைக் கட்டிக்கொண்டு பாடியது இது. முன்னோர் பண்டிகை வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்ற ஏக்கமும், தான் செத்தால் யார் அழப்போகிறார்கள் என்ற விரக்தியும் அதில் இருக்கின்றன. எஜமானி காதில் விழுந்தாலும் தாலாட்டுதானே என்று விட்டுவிடுவாள். நேரே சொன்னால் அடி விழும் சொல்லைப் பாட்டு சுமந்தது.

அந்த ஊரின் கதை அத்தோடு முடியவில்லை. 1966-ல் காவபே ஆற்றில் பெரிய அணை கட்டும் திட்டம் வந்தது. இட்சுகியின் நடுப்பகுதி தண்ணீருக்குள் போகும். வருசக்கணக்கான எதிர்ப்புக்குப் பிறகு ஊர் மேட்டுக்கு இடம்பெயர்ந்தது. அணையோடு சேர்த்த பாசனத் திட்டத்தை எதிர்த்துக் கீழ்ப்பகுதி உழவர்கள் வழக்குப் போட்டார்கள். போதிய உழவர் ஒப்புதல் இல்லாமல் போட்ட திட்டம் என்று 2003-ல் மேல்நீதிமன்றத்தில் வென்றார்கள். 2008-ல் மாவட்ட ஆளுநர் அணை வேண்டாம் என்றார், 2009-ல் அரசு கைவிட்டது. 2020 ஜூலையில் குமா ஆற்று வெள்ளம் பல உயிர்களைக் கொண்டுபோனது. அதன்பின் வெள்ளத் தடுப்புக்கு மட்டுமான அணை என்று திட்டம் மறுபடியும் வந்திருக்கிறது. தாலாட்டைப் பாதுகாக்கும் நாட்டில் தாலாட்டு பிறந்த ஊர் இன்னும் நிம்மதியாக இல்லை.

பாட்டு எப்போது நின்றது

போருக்குப் பிறகு வந்த நிலச் சீர்திருத்தம் குத்தகை உழவர்களை நிலச் சொந்தக்காரர்களாக ஆக்கியது. இது பெரிய நன்மை, இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே காலத்தில் டி.டி.டி., பி.எச்.சி., பாரத்தியான் வயலுக்கு வந்தன. பூச்சியை ஊர் எல்லைக்குக் கூட்டிப் போகும் வேலை பல ஊர்களில் நின்றது. 1971-ல் டி.டி.டி.யையும் பி.எச்.சி.யையும் பயிருக்கு அடிக்கத் தடை வந்தபோது, பல இடங்களில் அந்த ஊர்வலத்துக்குப் பழகிய ஆட்கள் இல்லை. 1970-களில் நடவு இயந்திரம் பரவியது. இருபது பேர் வரிசை ஓர் ஆள், ஓர் எஞ்சின் என்று ஆனது. இயந்திரத்தின் சத்தத்தில் யாருக்கு யார் பதிலடி பாடுவது? குடும்பங்கள் தொழிற்சாலை வேலைக்கும் போனதால் பல பகுதிகளில் நடவே ஜூனிலிருந்து மே மாதத் தொடர்விடுமுறைக்கு முன்னேறியது.

பாட்டுகளைக் காப்பாற்ற முயற்சி நடக்காமல் இல்லை. மச்சிடா காஷோ (1888-1981) என்ற ஆய்வாளர் ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராகப் போனார். அவர் முன்நின்ற 'நிஹோன் மின்யோ தாய்கான்' என்ற பெருந்தொகுப்பை வானொலி நிறுவனமான என்.எச்.கே. 1944 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டது. அது இல்லாவிட்டால் எத்தனையோ பாட்டுகள் இன்று இல்லை. பாட்டுச் சங்கங்களும் போட்டிகளும் வந்தன. பாட்டு மேடை ஏறியது, குரல் மெருகேறியது. சேற்றில் நின்று மூச்சு வாங்கப் பாடிய பாட்டு பட்டாடையில் நின்று பாடும் பாட்டானது. அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பாட்டால் இப்போது ஒரு நாற்றும் நட முடியாது.

சாடோ தீவில் திரும்பி வந்தது எது?

பறவை விரட்டும் பாட்டுகளில், நீகாட்டாப் பக்கத்தில், ரொம்ப வெறுக்கப்படும் பறவைகள் வரிசையில் கொக்கு, குருவியோடு டோக்கி என்ற ஒன்றும் வரும். அரிவாள்மூக்கன் இனம், சிவந்த முகம், இளஞ்சிவப்புச் சிறகு. நாற்றை மிதித்துக் கெடுக்கும் என்று உழவருக்கு அதன் மேல் கோபம். பிறகு இறகுக்காக வேட்டையாடினார்கள். மிச்சம் இருந்தவற்றுக்கு வயலில் இரை இல்லாமல் போனது. அது தின்பது அயிரை போன்ற மீன், தவளை, பூச்சி. 1981-ல் காட்டில் கடைசியாக இருந்த ஐந்தை சாடோ தீவில் பிடித்துக் கூண்டில் வைத்தார்கள். ஜப்பானில் பிறந்த கடைசி டோக்கி 2003-ல் செத்தது.

1999-ல் சீனா ஒரு சோடியைக் கொடுத்தது. அதன் வழிவந்த குஞ்சுகளை வளர்த்து 2008-ல் பத்துப் பறவைகளைச் சாடோவில் திறந்துவிட்டார்கள். கூண்டைத் திறந்தால் போதுமா? வயலில் இரை வேண்டுமே! அதனால் உழவர்கள் முறையை மாற்றினார்கள். இரசாயன மருந்தையும் உரத்தையும் வழக்கமான அளவில் பாதிக்குக் குறைப்பது; பனிக்காலத்திலும் வயலில் தண்ணீர் நிறுத்துவது; வயலைக் காயவைக்கும்போது உயிர்கள் ஒதுங்க ஓரத்தில் ஒரு சிறு வாய்க்கால் வைப்பது; மீன் வாய்க்காலிலிருந்து வயலுக்கு ஏற வழி செய்வது; வருசத்துக்கு இரண்டு முறை வயலில் இறங்கி உயிர்களைக் கணக்கெடுப்பது. இப்படி விளைந்த அரிசிக்குத் தனிச் சான்றும் தனிப் பெயரும் உண்டு. இன்று அங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட டோக்கிகள் சுதந்திரமாகத் திரிகின்றன.

முன்னே பிள்ளைகள் பாடி விரட்டிய பறவைக்கு இன்று உழவர்கள் வயலில் இடம் ஒதுக்குகிறார்கள். எந்தப் பாட்டுத் தொகுப்பும் அந்தப் பறவையைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. வேலை செய்யும் முறை மாறியதும் அது வந்தது.

நமக்கு என்ன?

ஃபுகோகா நடவே நடாதவர். நேரடி விதைப்புக்காரர். அவர் முறையில் நடவுப் பாட்டுக்கு இடமே இல்லை. இருந்தாலும் பாட்டுக்கு நேரம் இல்லையே என்று கவலைப்பட்டார். முதுகு ஒடியும் வேலை திரும்ப வரட்டும் என்று அவர் கேட்கவில்லை. வேலை உழவனைக் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும், அவன் கண் வயலில் உள்ள உயிர்கள் மேலும் பக்கத்து ஆள் மேலும் படவேண்டும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதிலிருந்து நாம் செய்யக்கூடியவை சில. உங்க ஊரில் பழைய பாட்டுத் தெரிந்த ஆத்தாக்களும் தாத்தாக்களும் இருந்தால் செல்போனில் பதிவு செய்யுங்கள். வெறும் பாட்டை மட்டும் வாங்கி வராதீங்க. எந்த வேலைக்கு, எந்த நேரத்தில், எத்தனை பேர், யார் வயலில், கூலிக்கா மாற்றாளுக்கா, நடுவில் எங்கே நிறுத்துவீங்க என்றெல்லாம் கேட்டு எழுதுங்கள். பாட்டில் வரும் பறவை, பூச்சி, மீன், களை பெயர்களைத் தனியாக ஒரு பட்டியல் போடுங்கள். அதை எடுத்துக்கொண்டு இன்றைக்கு உங்க வயலில் இறங்கி, எது இருக்கிறது, எது இல்லை என்று பிள்ளைகளோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள். சாடோவில் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

சிறுமிகள் பட்ட பாட்டைப் போன்ற குறைப் பாட்டு வந்தால் அதையும் வெட்டாமல் எழுதுங்கள். யார் உழைப்பில் அந்தக் காலத்து விளைச்சல் வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. பழையது எல்லாம் பொற்காலம் என்று நாம் பேசாமல் இருக்கவும் அது உதவும்.

கடைசியாக, கூட்டாகச் செய்யும் வேலை ஒன்றையாவது விட்டுவைப்போம். நாலு குடும்பம் சேர்ந்து களை எடுப்பதோ, விதை சுத்தம் செய்வதோ, இடுபொருள் கலக்குவதோ எதுவாகவும் இருக்கட்டும். நாலு பேர் ஒன்றாகக் கை அசைக்கும் இடத்தில் பாட்டு யாரும் சொல்லித்தராமலே வரும். அது பழைய பாட்டாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.